ஒழுகும் பெட்ரோல் வடிகட்டி: கட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுவோம்

தோட்டப்புறங்களில் மோட்டார் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயுற்றவரை மருத்துவமனையிற் சேர்க்கவும், சம்பளம் வாங்கியபின் பட்டணத்துக்குச் சென்று சாமான் வாங்கி வரவும் அது துணை நிற்கின்றது. அவ்வாறு நம் குடும்பங்கள் வாங்கும் வண்டி பெரும்பாலும் பிறர் பல்லாண்டுகள் ஓட்டிய பழைய வண்டியேயாகும். 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட பெரோடுவா கஞ்சில், அவற்றுக்கும் முற்பட்ட டட்சன் 120ஒய் போன்ற வண்டிகள் இன்னும் சிலரிடம் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

நன்கு பேணினால் பழைய வண்டி பல காலம் உழைக்கும். ஆயினும் அதிலுள்ள ரப்பர் குழாய்களும் நெகிழி உறுப்புகளும் வெப்பத்தாலும் முதுமையாலும் கெட்டுப்போவது இயல்பு. அவற்றுள் மிகச் சிறியதும், பலர் திரும்பியும் பாராததுமான ஓர் உறுப்பு பெட்ரோல் வடிகட்டி. 'பில்டர்' என்று பட்டறைகளில் வழங்குவது இதனையே. இது ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை இக்கட்டுரையில் விளக்கமாகக் காண்போம்.

வடிகட்டியின் பணி

நாம் வெட்டிச் சேர்த்த பாலை நிறுவைக் கொட்டகையில் அப்படியே தொட்டியில் ஊற்றிவிடுவதில்லை. பட்டைத் துணுக்கும் இலைச் சருகும் உறைந்த கட்டியும் நீங்குமாறு சல்லடையில் வடித்த பின்னரே ஊற்றுகின்றோம். காரிலும் அத்தகைய சல்லடை ஒன்று உண்டு. பழைய வண்டியின் பெட்ரோல் தொட்டியில் நாளடைவில் துருவும் தூசும் சேரும். அவை கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளுட் புகுந்தால் எஞ்சின் திணறும்; ஏற்றத்தில் இழுக்காது; சில வேளை நின்றே போகும். இதனைத் தடுக்கவே, தொட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் இடையே மடிப்புத்தாள் வைத்த ஒரு சிறு கூடு பொருத்தப்பட்டுள்ளது. அதுவே வடிகட்டி.

கார்புரேட்டர் உள்ள பழைய கார்கள் பலவற்றில் எஞ்சின் மூடியைத் திறந்தால் இதனைக் காணலாம். கைக்குள் அடங்கும் அளவுள்ள நெகிழிக் கூடாகவோ தகரக் கூடாகவோ அது இருக்கும். ஒரு பக்கம் பெட்ரோல் உள்ளே வரும் ரப்பர் குழாயும், மறுபக்கம் வெளியே செல்லும் குழாயும் 'கிளிப்' எனப்படும் கம்பி வளையங்களால் இறுக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பியனுப்பும் மூன்றாவது குழாயும் இருப்பதுண்டு.

ஒழுக்கு எங்கே தோன்றுகின்றது?

ஒழுக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் தோன்றும். முதலாவது, கூடு. எஞ்சினின் வெப்பம் ஆண்டுக்கணக்கில் தாக்கியதால் நெகிழிக் கூட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். தகரக் கூடாயின் துருப்பிடித்து ஊசித்துளை விழும். இரண்டாவது, குழாயின் முனை. நெடுநாள் இறுகப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் காய்ந்து, வளைத்துப் பார்த்தால் கீறல் கீறலாகப் பிளந்து நிற்கும். மூன்றாவது, கிளிப். அது தளர்ந்தாலும், அளவுக்கு மீறி முறுக்கப்பட்டுக் குழாயை அறுத்துவிட்டாலும் பெட்ரோல் கசியும்.

முதலில் நமக்கு எச்சரிக்கை தருவது மூக்கு. வண்டியை நிறுத்தியபின் பெட்ரோல் வாடை வீசினால் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாகாது. பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரம் தெரியாமலும் போகலாம். வடிகட்டியைச் சுற்றியுள்ள தூசு ஓரிடத்தில் மட்டும் கழுவப்பட்டதுபோல் துடைத்துக் காணப்பட்டால் கசிவு அங்கே என்று கொள்ளலாம். இருட்டில் பார்க்க நேர்ந்தால் டார்ச் விளக்கை எட்ட நின்று முன்னதாகவே ஏற்றிக்கொண்டு நெருங்குக. தீக்குச்சியோ மெழுகுவத்தியோ ஒருபோதும் கூடாது.

வடிகட்டி 'பம்ப்' எனப்படும் இறைவைக்கு முன்னால் இருந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே சிந்தாமல் காற்று உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. அப்போது வாடை குறைவாக இருக்கும். எஞ்சின் மட்டும் விட்டுவிட்டு ஓடும். இறைவைக்குப் பின்னால் இருந்தால் ஓடும்போதெல்லாம் பெட்ரோல் சிந்தும். பின்னதே பெரும் ஆபத்து.

சிறு கசிவு ஏன் பெருந்தீங்கு?

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதைவிட, அதிலிருந்து எழும் ஆவியே தீப்பற்றுகின்றது. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். நம் நாட்டு வெப்பத்தில் சொல்ல வேண்டுவதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இந்த ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். மேலும், இந்த ஆவி காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, கால்வாயிலும் பள்ளத்திலும் தங்கும்.

இதனைத் தோட்டக் குடியிருப்பில் வைத்து எண்ணிப் பாருங்கள். லயத்து வாசலில் கார் நிற்கின்றது. சற்றுத் தொலைவில் அடுப்பு எரிகின்றது, சாமி விளக்கு எரிகின்றது, கொசுவத்தி புகைகின்றது, யாரோ ஒருவர் சுருட்டுப் பிடிக்கின்றார். தரையோடு படர்ந்த ஆவி அந்நெருப்பைச் சென்று தொட்டால், தீ அதே வழியே திரும்பி வண்டிக்கு வந்துவிடும். வண்டி ஓடும்போதோ நெருப்பைத் தேடிப் போகவேண்டியதே இல்லை. பற்றவைக்கும் மின்கம்பிகளின் பொறியும், நூற்றுக்கணக்கான பாகை சூடேறிய புகைபோக்கிக் குழாயும் எஞ்சினின் அருகிலேயே உள்ளன. பின்னிருக்கையில் பிள்ளைகள் அமர்ந்திருக்கும்போது சொட்டும் பெட்ரோலைச் 'சிறு கசிவுதானே' என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆகவே கசிவு கண்ட வண்டியைப் பட்டறை வரையிலுங்கூட ஓட்டிச் செல்லலாகாது. வழியில் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகி நிற்க வேண்டும்.

நம் ரப்பரே ஆனாலும் இங்கு உதவாது

ஒழுகும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டுவதும், சவர்க்காரத்தை அப்பி வைப்பதும் நம்மிடையே காணப்படும் வழக்கங்கள். இவை ஏன் பயன் தருவதில்லை என்பதை ரப்பரோடு பழகிய நாமே நன்கு அறிந்துகொள்ள முடியும்.

பால்மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பர் நீட்சிக்கும் தேய்மானம் தாங்குவதற்கும் பெயர் பெற்றது. டயர்களிலும், எஞ்சின் அதிர்வைத் தாங்கும் பட்டைகளிலும் அது பெரிதும் பயன்படுகின்றது. ஆனால் பெட்ரோலை மட்டும் அது தாங்காது. பச்சை ரப்பரைப் பெட்ரோலில் இட்டால் ஊறிக் கரைந்து பசையாகும். பதப்படுத்திய ரப்பரும் பெட்ரோலை உறிஞ்சி உப்பி வலுவிழக்கும். இக்குறையை நீக்கும்பொருட்டு 1930களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டதே நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர். பெட்ரோல் குழாய்களில் இதுவும் இதனை ஒத்த பிற வகைகளும் பயன்படுகின்றன.

எனவே டியூப் துண்டால் போட்ட கட்டு இன்று நின்றதுபோல் தோன்றினும் விரைவில் உப்பித் தளரும். கட்டுக்குள் பெட்ரோல் தேங்கி நிற்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் மறையுமே தவிர நிற்காது. சவர்க்காரமோ வெப்பத்தில் இளகி, மழைநீரில் கரைந்து போகும். தண்ணீர்க் குழாயும், மீன் தொட்டிக்குப் பயன்படும் கண்ணாடி போன்ற குழாயும் அவ்வாறே உதவாதவை. அவை பெட்ரோலில் இறுகி வெடித்துவிடும்.

கார்புரேட்டர் வண்டிக்குரிய சாதாரண நெகிழிக்கூடு வடிகட்டியின் விலை ஒரு நாள் கூலியை எட்டாது. கட்டுப்போட்டு மிச்சம் பிடிக்கும் அச்சிறு தொகைக்கு ஈடாக வண்டியையும் வீட்டையும் உயிரையும் வைப்பது பொருந்துமா?

நாமே செய்யத்தக்கது எது?

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இறைவை பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 இறாத்தலே. இத்தகைய வண்டியில் வடிகட்டியைக் கருவி பிடிக்கத் தெரிந்த எவரும் மாற்றலாம்.

பெட்ரோலைப் பீய்ச்சும் 'இன்ஜெக்ஷன்' வகை வண்டிகளின் நிலை வேறு. அவற்றின் குழாயில் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அளவில், அதாவது கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தையும் மிஞ்சி, அழுத்தம் நிற்கும். எஞ்சினை அணைத்த பின்னும் அது தணியாது. முறையாக அழுத்தத்தை நீக்காமல் கழற்றினால் பெட்ரோல் முகத்திலும் சூடான எஞ்சினிலும் பீறிட்டடிக்கும். அவ்வண்டிகளின் வடிகட்டியும் குழாயும் கிளிப்பும் அவ்வழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. கார்புரேட்டர் வண்டியின் பொருள்களை அங்கே பொருத்துதல் கூடாது. சில வண்டிகளில் வடிகட்டி தொட்டிக்குள்ளேயே இருக்கும். ஆகவே இன்ஜெக்ஷன் வண்டியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. மெக்கானிக்கை வண்டியிருக்கும் இடத்துக்கு வரவழைக்கவேண்டும். இயலாதாயின் ஏற்றுவண்டியில் அனுப்பவேண்டும். உங்கள் வண்டி எவ்வகை என்பதில் ஐயமிருப்பின் கேட்டறிந்த பின்னரே கைவைக்கவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது வண்டியின் பெயர், ஆண்டு, எஞ்சின் அளவு ஆகியவற்றை எழுதிச் செல்க. வடிகட்டியின் மூக்குகள் எல்லா வண்டிக்கும் ஒரே அளவல்ல. 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாக உள்ளன. சிறிய மூக்கில் பெரிய குழாயை மாட்டி, கிளிப்பை முறுக்கிச் சரிக்கட்டலாம் என்று எண்ணுதல் தவறு. வடிகட்டியோடு, பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட ரப்பர் குழாயையும் புதிய கிளிப்புகளையும் சேர்த்து வாங்குவது நலம். வடிகட்டி முதுமையால் வெடித்திருக்குமாயின், அதே வயதுடைய குழாயும் அந்நிலையை நெருங்கியிருக்கும்.

தொடங்குமுன்

இடத்தையும் நேரத்தையும் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். வெட்டவெளியே ஏற்ற இடம். கொட்டகைக்குள்ளும் லயத்து வாசலிலும் கூடாது. கசியும் வண்டியை அவ்விடத்துக்கு எஞ்சினை இயக்காமல் தள்ளியே கொண்டு செல்லவேண்டும். அடுப்பு, குப்பை எரியும் இடம், சாக்கடை ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருத்தல் இன்றியமையாதது. காலை வெட்டு முடிந்து, வெயில் தாழ்ந்து, விளக்கேற்றுமுன் உள்ள நேரம் இதற்கு ஏற்றது.

வண்டியைச் சமதரையில் நிறுத்துக. பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்திருந்தால் தொட்டியிலுள்ள பெட்ரோல் தானாகவே வழிந்து வரும். தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து உள்ளழுத்தத்தை வெளிவிட்டு மீண்டும் மூடுக. பின்னர்ப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்கவேண்டும். உலர்தூள் தீயணைப்புக் கருவி ஒன்றைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்க. அதனோடு ஒரு வாளி மணலும் இருக்கட்டும். கைப்பேசியும் சுருட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரியவர் ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய கருவிகள் சிலவே: திருப்புளி, குறடு, கூரிய கத்தி, பழைய துணி, பெட்ரோலைப் பிடிக்க ஒரு தகரப் பாத்திரம், குழாயை அடைக்க வழவழப்பான சிறு இரும்புத் தண்டு.

மாற்றும் முறை

1. வடிகட்டியின் கூட்டில் அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் செல்லும் திசையை அது காட்டும். பழைய வடிகட்டியில் அம்பு எப்பக்கம் நோக்குகின்றது, எக்குழாய் எங்கே செல்கின்றது என்பதைக் குறித்துக்கொள்க.

2. தகரப் பாத்திரத்தை அடியில் வைத்து, சுற்றிலும் துணி விரித்திடுக. இரண்டு கிளிப்புகளையும் தளர்த்திக் குழாயின்மேல் பின்னோக்கி நகர்த்துக.

3. தொட்டியிலிருந்து வரும் குழாயை முதலிற் கழற்றுக. வெடுக்கென்று இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி மெல்ல எடுக்கவேண்டும். பெட்ரோல் வழியுமாதலால் இரும்புத் தண்டை உடனே செருகி அடைக்க. பின்னர் மறுமுனையைக் கழற்றி, வடிகட்டியிலுள்ள பெட்ரோலைப் பாத்திரத்தில் ஊற்றிவிடுக.

4. குழாய்களைச் சோதித்துக் காய்ந்தவற்றையும் பிளந்தவற்றையும் புதிதாக மாற்றுக. முனை மட்டும் கெட்டு மற்றப் பகுதி மென்மையாக இருப்பின், நீளம் இடங்கொடுக்குமாயின், கெட்ட முனையை நேராக வெட்டி நீக்கினாற் போதும்.

5. புதிய வடிகட்டியின் அம்பு, பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் திசையை நோக்குமாறு வைக்க. மாற்றி வைத்தால் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் போகாது. வடிகட்டியின் மூக்கில் சிறு வரம்பு ஒன்று இருக்கும். குழாய் அவ்வரம்பைத் தாண்டி உட்செல்ல வேண்டும். கிளிப் வரம்புக்கும் கூட்டுக்கும் நடுவே அமரவேண்டும்.

6. கிளிப்பை உறுதியாக இறுக்குக. ஆனால் ரப்பர் பிதுங்குமளவுக்கு முறுக்க வேண்டாம். நெகிழி மூக்கு உடைந்துபோகும். வடிகட்டியும் குழாயும் புகைபோக்கியையோ விசிறிப் பட்டையையோ தொடாதவாறு பழைய பிடியிலேயே பொருத்தவேண்டும்.

சோதித்தறிதல்

சிந்திய பெட்ரோலின்மேல் மணலைத் தூவித் துடைத்தெடுக்க. வாடை முற்றிலும் நீங்கும்வரை காத்திருந்த பின்னரே பேட்டரிக் கம்பியை மாட்டவேண்டும். அதை மாட்டும்போது பொறி தோன்றக்கூடும் என்பதை மறத்தலாகாது.

காலியான வடிகட்டி நிரம்பச் சிறிது நேரம் பிடிக்கும். ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றாமல், சில விநாடிகள் சுழற்றிச் சற்று ஓய்வு கொடுத்து மீண்டும் முயல்க. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், துணையாக நிற்பவர் குழாய் முனைகளை உற்று நோக்கவேண்டும். ஒரு துளி தெரிந்தாலும் உடனே அணைத்துச் சரிசெய்க. சில நிமிடங்கள் ஓடியபின் எஞ்சினை அணைத்து, வெண்தாளால் ஒவ்வொரு முனையையும் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். மறுநாட் காலையும் முதல் நெடும்பயணத்துக்குப் பின்னரும் இவ்வாறு பார்த்துவிட்டால் மனம் நிம்மதியடையும்.

எஞ்சிய பெட்ரோலும் எண்ணாத கேடுகளும்

பாத்திரத்திற் சேர்ந்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவது பெருந்தவறு. அச்சாக்கடை வரிசையாக எல்லா வீட்டு வாசலையும் கடந்து செல்கின்றது. பெட்ரோலுக்குரிய மூடியுள்ள கலத்தில் அதனை ஊற்றி, பழைய வடிகட்டியோடு பட்டறையில் ஒப்படைத்துவிடலாம். குடிநீர்ப் புட்டியிலோ சுவைநீர்ப் புட்டியிலோ பெட்ரோலை வைக்கவே கூடாது. பிள்ளைகள் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிடுவர். நனைந்த துணியை வெளியே விரித்து, நன்கு உலர்ந்தபின் அப்புறப்படுத்துக. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

குழாயில் வாய்வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் பழக்கத்தை அறவே விடவேண்டும். சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலே கடும் புண் உண்டாகி உயிருக்கு ஆபத்து நேரும். யாரேனும் பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியெடுக்கும்போதுதான் அது நுரையீரலிற் புகும். தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தீப்பற்றினால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தீப்பற்றுமாயின், முதலில் ஆட்களை விலக்குங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். தொடக்கத் தீயாயின் உலர்தூள் கருவியைத் தீயின் அடிப்பகுதி நோக்கிச் செலுத்துக. கருவி இல்லையேல் மணலை வீசுக. எஞ்சின் மூடிக்குள்ளிருந்து புகையும் சுடரும் எழுந்தால் மூடியைத் திறக்காதீர்கள். புகும் காற்று தீயை வளர்க்கும். அந்நிலையில் எட்ட விலகி நின்று 999 என்னும் எண்ணில் பொம்பாவை அழைப்பதே கடமை. தோட்டத்தின் பெயரையும், உள்ளே வரும் வழியையும், வெட்டு எண்ணையும் தெளிவாகக் கூறி, முச்சந்தியில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்யுங்கள்.

வருமுன் காப்போம்

ஒழுகும்வரை காத்திராமல், வண்டியின் கைநூல் கூறும் தொலைவு ஓடியதும் வடிகட்டியை மாற்றிவிடுவது சிறந்தது. பல வண்டிகளுக்கு இது 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் அமையும். கைநூல் இல்லாமல் வாங்கிய பழைய வண்டியாயின், வாங்கியவுடனே வடிகட்டியையும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றி, அந்நாளை ஓர் ஏட்டில் எழுதி வைக்கலாம். மாதந்தோறும் எண்ணெயும் நீரும் பார்க்க எஞ்சின் மூடியைத் திறக்கும்போது, வடிகட்டியையும் ஒருமுறை நோக்கிக் குழாய் முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள்.

பால்மரத்தின் பட்டையில் சிறு காயம் பட்டாலும் கண்டறியும் கூர்மை நம் கண்களுக்கு உண்டு. அதே கூர்மையை நம் வண்டியின்மீதும் செலுத்துவோமாக. பெட்ரோல் வாடை வந்த அன்றே வண்டியை நிறுத்தி, வடிகட்டியை மாற்றி, நம் குடும்பத்தினரையும் அண்டை அயலாரையும் காப்போமாக.